சாட்சிக் கூண்டில் குழந்தை

வீட்டுக்குள் நடக்கும் கொலைக்கும் ஆளில்லாத இடத்தில் நடக்கும் பாலியல் வன்முறைக்கும் பல சமயம் ஒரே ஒரு சாட்சிதான் இருக்கும். அந்தச் சாட்சி குழந்தையாக இருக்கும். அதன் சொல்லை ஒதுக்கினால் குற்றவாளி தப்பிவிடுவார். ஆராயாமல் ஏற்றாலோ நிரபராதி சிறைக்குப் போகலாம். இந்தச் சிக்கலுக்கு நீதி முறைகள் காலந்தோறும் கொடுத்த விடைகளை இரண்டு கட்டங்களாகப் பிரிக்கலாம். முதல் கட்டத்தில், சாட்சி சொல்லக் குழந்தைக்குத் தகுதி உண்டா என்று சட்டம் கேட்டது. அண்மைக் காலத்தில்தான், குழந்தையின் சொல்லைக் கேட்கும் தகுதி நீதிமன்றத்துக்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. குழந்தை சாட்சிக்கு இன்று கிடைக்கும் உதவிகள் எல்லாம் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து பிறந்தவை.

பழைய விதிகள்

குழந்தையின் சாட்சியத்தைப் பற்றிய தயக்கம் மிகப் பழையது. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் சாட்சியாக அழைக்கக் கூடாதவர்களின் பட்டியலில் குழந்தையையும் சேர்க்கிறது. சில செய்யுள்கள் தாண்டியதும் அதே நூல் விலக்கு ஒன்றையும் தருகிறது: தகுந்த சாட்சி கிடைக்காதபோது குழந்தையும் முதியவரும் பெண்ணும் சாட்சி சொல்லலாம், ஆனால் அவர்கள் பேச்சு உறுதியற்றது என்பதை மனதில் கொள்ள வேண்டும். நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நிற்கும் இந்த நிலை பல நாட்டுச் சட்டங்களிலும் காணப்படுகிறது.

இன்றைய இந்தியச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே சாட்சியத்தின் உயிர் சத்தியப்பிரமாணத்தில் இருந்தது. பொய் சொன்னால் இறைவன் தண்டிப்பான் என்ற அச்சமே உண்மையை வெளிக்கொண்டு வரும் என்பது நம்பிக்கை. சத்தியத்தின் பொருள் அறியாத குழந்தையின் பேச்சு, இந்தக் கணக்கின்படி சாட்சியமே அல்ல. 17ஆம் நூற்றாண்டு நீதிபதி மேத்யூ ஹேல் இதில் ஒரு முரணைக் கண்டார். குழந்தை சொன்னதாகத் தாய் வந்து சொல்வதைவிட, சத்தியம் வாங்காமலாவது குழந்தையையே நேரில் கேட்பது மேல் என்று அவர் கருதினார்.

1779இல் வந்த பிரேசியர் வழக்கு இதற்கு வேறு முடிவு கண்டது. ரெடிங் நகர அமர்வில் விசாரிக்கப்பட்ட அவ்வழக்கில், 7 வயது நிறையாத சிறுமி ஒருத்தி தனக்கு நேர்ந்த பாலியல் தாக்குதலை வீடு திரும்பியதும் தாயிடம் சொன்னாள். நீதிமன்றம் சிறுமியைக் கேட்கவில்லை. தாயின் சொல்லைக் கேட்டது. மேல் ஆய்வில் இங்கிலாந்தின் பன்னிரண்டு நீதிபதிகளும் கூடி இரண்டு விதிகளை வகுத்தார்கள். குழந்தைக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்ற வரம்பு கிடையாது; சத்தியத்தின் தன்மையும் விளைவும் புரிந்தால் 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையும் சாட்சி சொல்லலாம். அதே சமயம் சத்தியமின்றிச் சாட்சியம் கிடையாது. தாய் சொன்னது செவிவழிச் செய்தி என்பதால் செல்லாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. நீதிமன்றத்தின் கதவு குழந்தைக்குத் திறந்தது. அதற்கான திறவுகோல் மட்டும் சமயக் கல்வியிடம் இருந்தது. நரகத்தைப் பற்றிக் கற்பிக்கப்பட்ட குழந்தை உள்ளே போகலாம். மற்றக் குழந்தைகள் வெளியே நிற்க வேண்டும்.

இந்தப் பிடி தளர நூறாண்டுக்கு மேல் ஆனது. 1885இல் இங்கிலாந்து, சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களில் மட்டும் சத்தியமின்றிக் குழந்தை பேசலாம் என்று சட்டம் செய்தது. வேறொரு சான்று அதை ஆதரித்தால்தான் தண்டிக்கலாம் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

1872: இந்தியா எடுத்த வழி

இங்கிலாந்துக்கு முன்பே இந்தியா இதைவிடத் தாராளமான விதியைப் பெற்றுவிட்டது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம் 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 118ஆம் பிரிவு எல்லோரையும் தகுதியுள்ள சாட்சிகளாக வைத்துக்கொண்டு தொடங்குகிறது. இளம் வயது, முதுமை, நோய் போன்ற காரணத்தால் ஒருவரால் கேள்வியைப் புரிந்துகொள்ளவோ பொருத்தமாகப் பதில் சொல்லவோ முடியாது என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே அவர் விலக்கப்படுவார். வயது வரம்பும் இல்லை, சமய அறிவுச் சோதனையும் இல்லை. கேள்வி புரிகிறதா, பதில் பொருந்துகிறதா என்ற இரண்டே அளவுகோல்கள்.

ஆனால் அடுத்த ஆண்டே வந்த 1873ஆம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டம், சாட்சிகள் அனைவரும் சத்தியமோ உறுதிமொழியோ எடுக்க வேண்டும் என்றது. தகுதி உண்டு, சத்தியம் எடுக்கத் தெரியாது என்ற நிலையில் உள்ள குழந்தையை என்ன செய்வது என்பதில் உயர்நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகள் குழம்பின. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை உண்மை பேசும் கடமையை உணர்ந்து, சத்தியத்தின் தன்மையை மட்டும் அறியாதிருந்தால் அதைச் சத்தியமின்றியே விசாரிக்கலாம் என்று 1939இல் ஒரு திருத்தம் வந்தது. 1969இல் புதிதாக இயற்றப்பட்ட சத்தியப்பிரமாணச் சட்டத்தின் 4ஆம் பிரிவிலும் அது இடம்பெற்றது.

இந்த விதிகளை முதலில் தெளிவாக்கிய தீர்ப்பு ஆப்பிரிக்காவிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் வந்தது. பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் இந்தியச் சாட்சியச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அங்கு நடந்த கொலை வழக்கு ஒன்றில் 10 அல்லது 11 வயதுச் சிறுமி சத்தியமின்றிச் சாட்சி சொல்லியிருந்தாள். லண்டன் பிரிவி கவுன்சில் அந்தச் சாட்சியத்தை ஏற்றது. துணைச்சான்று கட்டாயம் என்பது ஆங்கிலச் சட்டத்தின் நிபந்தனை. இந்தியச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. துணைச்சான்று தேடுவது விவேகம், அவ்வளவே என்று அது விளக்கியது.

சுதந்திர இந்தியாவில் இந்த வழியை உறுதி செய்தது ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கு. பாதிக்கப்பட்ட சிறுமிக்கு 8 வயது. சத்தியத்தின் புனிதம் அவளுக்குப் புரியவில்லை என்று பதிவு செய்த விசாரணை நீதிபதி, சத்தியம் வாங்காமலே அவளை விசாரித்திருந்தார். 1951 டிசம்பரில் நீதிபதி விவியன் போஸ் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சத்தியம் வாங்காதது சாட்சியத்தைச் செல்லாததாக்காது என்றது. உண்மை பேசும் கடமை குழந்தைக்குப் புரிகிறது என்ற தம் கருத்தை நீதிபதிகள் காரணத்தோடு எழுதிவைப்பது நல்லது என்றும் அறிவுறுத்தியது. நடந்ததைச் சிறுமி தாயிடம் சொன்னது, அவளுடைய சாட்சியத்துக்குத் துணைச்சான்றாகும் என்றும் முடிவு செய்தது. 1779இல் தூக்கி எறியப்பட்ட தாயின் சொல், 172 ஆண்டுகள் கழித்து மகளின் சொல்லுக்குத் துணையாக நின்றது.

சொல்லிக்கொடுத்த சாட்சி

தகுதிப் பிரச்சினை தீர்ந்த பிறகு நம்பகத்தன்மை என்ற பிரச்சினை நின்றது. குழந்தை சாட்சியைப் பற்றிய இந்தியத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் அச்சம், அது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறதோ என்பதுதான். இதற்காக உருவான நடைமுறையே தொடக்கக் கேள்விகள். சாட்சியம் பதிவாகும் முன் நீதிபதி குழந்தையிடம் பெயர், படிக்கும் வகுப்பு, பள்ளி, வீட்டில் யார் யார் என்று கேட்பார். பொய் சொல்வது சரியா தவறா, இங்கே எதற்காக வந்திருக்கிறாய் என்றும் கேட்பார். விடைகளைப் பதிவு செய்து, குழந்தைக்குப் புரிதல் உண்டு என்று எழுதுவார்.

தத்து ராம்ராவ் சகாரே எதிர் மகாராஷ்டிர அரசு என்ற 1997ஆம் ஆண்டு வழக்கில், நம்பத்தக்கதாக இருந்தால் குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே தண்டனை வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ரத்தன்சிங் தல்சுக்பாய் நாயக் வழக்கின் தீர்ப்பில், குழந்தையின் நடத்தையை நேரில் பார்க்கும் விசாரணை நீதிபதியே அதன் தகுதியை எடைபோட வல்லவர் என்று விளக்கியது. 1895இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5 வயதுச் சிறுவனின் சாட்சியத்தை ஏற்ற வீலர் வழக்கையும் அதற்குத் துணைகொண்டது. மறுபக்கம், 2023இல் பிரதீப் எதிர் ஹரியானா அரசு வழக்கில், தொடக்கக் கேள்விகளைப் பெயரளவுக்குக் கேட்டுவிட்டு நகர்ந்ததைச் சுட்டிக்காட்டிச் சிறுவனின் சாட்சியத்தை நம்ப மறுத்துத் தண்டனையை நீக்கியது.

உளவியலாளர்கள் இதே கேள்வியை வேறு கோணத்தில் ஆராய்ந்தார்கள். பிரான்ஸின் ஆல்பிரெட் பினே 1900இல், கேள்வி கேட்கும் விதமே குழந்தையின் விடையை வளைக்கும் என்பதைச் சோதனைகளால் காட்டினார். அந்த எச்சரிக்கையின் விலை அமெரிக்காவில் தெரிந்தது. 1980களில் கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் விடையை உணர்த்தும் கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. ஏழாண்டு இழுத்த அந்த வழக்கு 1990இல் ஒரு தண்டனையும் இன்றி முடிந்தது. குழந்தை தானாக நினைவுகூர்ந்து சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். தூண்டும் கேள்விகளும் திரும்பத் திரும்பக் கேட்பதுமே அதைக் கெடுக்கின்றன என்பது பிறகு வந்த ஆய்வுகளின் சாரம். பிழை குழந்தையிடம் மட்டுமல்ல, கேட்பவரிடமும் இருக்கிறது என்பது இங்கேதான் புலப்பட்டது.

நீதிமன்றம் என்ற இடம்

பெரியவர்களே தடுமாறும் இடம் நீதிமன்றம். உயர்ந்த மேடையில் நீதிபதி, கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர்கள், சீருடைக் காவலர்கள், எதிரே சில அடி தூரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர். கூண்டில் ஏறினால் கம்பிக்கு மேல் தலைகூடத் தெரியாத குழந்தை, அந்நியர் முன்னிலையில் தன் வாழ்வின் மிக மோசமான நாளை விவரிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இல்லையா என்று முடியும் சுற்றி வளைத்த கேள்விகளை அடுக்குவார். ஆமாம் என்றால் என்ன பொருள், இல்லை என்றால் என்ன பொருள் என்று குழந்தைக்கு விளங்காது. வாய்தா மேல் வாய்தா விழுந்து சாட்சியம் பதிவாவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். 6 வயதில் பார்த்ததை 10 வயதில் சொல்ல நேரும்.

இந்த இடத்தை மாற்ற முதலில் முனைந்தது நார்வே. 1926 முதல் அங்கே பாலியல் வழக்குகளில் குழந்தையை நீதிமன்றத்துக்கு வெளியே நீதிபதி விசாரித்துப் பதிவு செய்ய வழி உண்டானது. இஸ்ரேல் 1955இல், பயிற்சி பெற்ற விசாரணையாளர் குழந்தையிடம் பேசி, அதன் சார்பில் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து 1988இல் நேரலைத் தொலைக்காட்சி வழியாகக் குழந்தைகள் சாட்சி சொல்ல அனுமதித்தது. அடுத்த ஆண்டு நீதிபதி பிகாட் தலைமையிலான குழு, குறுக்கு விசாரணையையும் முன்கூட்டியே காணொளியில் முடித்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது 1999இல் சட்டமானாலும், சோதனை அளவில் நடைமுறைக்கு வரவே சுமார் 15 ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவில் எதிர்ப்பு அரசியலமைப்பிலிருந்து வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன்மீது சாட்சி சொல்பவரை நேருக்கு நேர் காணும் உரிமை உண்டு. 1988இல் அயோவா மாநில வழக்கொன்றில் திரை வைத்ததை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது; 1990இல் மேரிலாந்து எதிர் கிரெய்க் வழக்கில், குறிப்பிட்ட குழந்தைக்குத் தேவை என்று நிரூபித்தால் மூடிய சுற்றுத் தொலைக்காட்சியைப் பயன்படுத்தலாம் என்று ஏற்றது. ஐஸ்லாந்து 1998இல் திறந்த ‘பார்னாஹுஸ்’, அதாவது குழந்தைகள் இல்லம், இன்னும் ஒரு படி மேலே சென்றது. விசாரணை, மருத்துவப் பரிசோதனை, உளவியல் உதவி எல்லாம் வீடு போன்ற ஒரே கூரையின் கீழ் நடக்கும். குழந்தை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். அலுவலர்கள்தாம் குழந்தை இருக்கும் இடத்துக்கு வருவார்கள். இந்த அனுபவங்களைத் தொகுத்து 2005இல் ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம் குற்றத்தால் பாதிக்கப்பட்ட, குற்றத்தைக் கண்ட குழந்தைகளுக்கான நீதி நெறிமுறைகளை வெளியிட்டது.

இந்திய நீதிமன்றங்களின் திருப்பம்

இந்தியாவில் குழந்தைகளுக்கான தனிச் சட்டத்தை முதலில் இயற்றியது சென்னை மாகாணம். 1920ஆம் ஆண்டின் அந்தச் சட்டமும் அதைப் பின்பற்றிய வங்காள, பம்பாய்ச் சட்டங்களும் பெரும்பாலும் குற்றம் செய்த, ஆதரவற்ற குழந்தைகளைப் பற்றியே கவலைப்பட்டன. சாட்சியாக வரும் குழந்தைக்கென்று அவற்றிலிருந்து ஒரு மரபு வளரவில்லை. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களையும் பெண்களையும் விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டிலேயே விசாரிக்க வேண்டும் என்றது. 1983இல் வந்த திருத்தம் பாலியல் வன்முறை வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்க வகை செய்தது. 1996இல் பஞ்சாப் அரசு எதிர் குர்மீத் சிங் வழக்கில், மூடிய அறை விசாரணை நீதிமன்றத்தின் கடமை என்றும், குறுக்கு விசாரணை துன்புறுத்தலாக மாறும்போது நீதிபதி வாய்மூடி இருக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது.

முழுத் திருப்பம் 2004இல் வந்த சாக்ஷி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கின் தீர்ப்பு. குழந்தைகள் மீதான பாலியல் வழக்குகளில் சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே திரையோ அதற்கு ஈடான ஏற்பாடோ வேண்டும். குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுக்க, அவர் குழந்தைக்குப் புரியும் மொழியில் கேட்க வேண்டும். தேவையான அளவு இடைவேளை தர வேண்டும் என்று அது ஆணையிட்டது. காணொளி வழிச் சாட்சியம் செல்லும் என்று முந்தைய ஆண்டில் பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குப் பாதை போட்டிருந்தது. கோவா மாநிலம் 2003இலேயே குழந்தைகள் சட்டம் இயற்றித் தனிக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு வழி செய்திருந்தது.

போக்சோ சட்டம்

தீர்ப்புகளில் சிதறிக் கிடந்த இந்த நெறிகளை ஒன்றுதிரட்டியது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். போக்சோ என்று வழங்கும் இச்சட்டம் 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது.

புகார் கொடுப்பது முதல் தீர்ப்பு வரை குழந்தை கடக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் அது கணக்கில் எடுக்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். பதிபவர் இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலராக, சீருடை அணியாதவராக இருக்க வேண்டும். எக்காரணத்தாலும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். சிறுமியை மருத்துவப் பரிசோதனை செய்பவர் பெண் மருத்துவராக இருக்க வேண்டும். மொழி புரியாத குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர், மாற்றுத்திறனுள்ள குழந்தைக்குச் சிறப்பாசிரியர் துணை உண்டு.

நீதிமன்றத்துக்குள் 33ஆம் பிரிவு ஆட்சி செய்கிறது. முதல் விசாரணையானாலும் குறுக்கு விசாரணையானாலும் அரசு வழக்கறிஞரோ எதிர்த்தரப்பு வழக்கறிஞரோ குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். மிரட்டும் கேள்விகளுக்கும் நடத்தையை இழிவுபடுத்தும் கேள்விகளுக்கும் இடமில்லை. குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாமல் திரை, ஒருவழிக் கண்ணாடி, காணொளி ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் குழந்தை சொல்வது அவர் காதில் விழ வேண்டும், அவர் தம் வழக்கறிஞரோடு கலந்து பேசவும் முடிய வேண்டும். எதிர்வாதம் செய்யும் உரிமையையும் குழந்தையின் அமைதியையும் ஒருசேரக் காக்கும் ஏற்பாடு இது. வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு.

மையங்களும் ஆதரவு நபர்களும்

சட்டம் சொன்னதற்கு ஏற்ற கட்டடம் வேண்டுமே. எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கென்று தனிச் சாட்சியப் பதிவு மையம் 2012 செப்டம்பரில் டெல்லி கார்கார்டூமா நீதிமன்ற வளாகத்தில் திறக்கப்பட்டது. அதற்குத் தனி நுழைவாயில் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரையோ அவர் உறவினரையோ வழியில் சந்திக்காமல் குழந்தை உள்ளே போய்விடலாம். பொம்மைகளும் புத்தகங்களும் உள்ள காத்திருப்பு அறையில் இருந்துவிட்டுச் சிறிய அறையில் அமர்ந்து பேசலாம்.

2017இல் மகாராஷ்டிர அரசு எதிர் பந்து வழக்கில், ஒவ்வொரு உயர்நீதிமன்ற எல்லையிலும் இப்படிப்பட்ட மையங்கள் குறைந்தது இரண்டு அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பணி மெதுவாகவே நகர்ந்ததால் 2022 ஜனவரியில் ஸ்ம்ருதி துக்காராம் படடே வழக்கில் மீண்டும் தலையிட்டு, எல்லா உயர்நீதிமன்றங்களும் இதற்கான திட்டத்தை ஏற்கக் காலக்கெடு விதித்தது. பணியைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி கீதா மிட்டல் தலைமையில் குழுவும் அமைத்தது. மனநலம் குன்றியவர், பேச்சு, செவித்திறன் குறைந்தவர், மிரட்டலுக்கு ஆளானவர் ஆகியோரும் இத்தகைய சாட்சிகளின் வரையறைக்குள் வந்தார்கள். குழந்தைக்கெனத் தொடங்கிய ஏற்பாடு பெரியவர்களுக்கும் பயன்பட்டது.

கட்டடத்தைப் போலவே ஆளும் தேவை. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள்படி, குழந்தைகள் நலக் குழு ஆதரவு நபர் ஒருவரை நியமிக்கலாம். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குடும்பத்துக்குச் சொல்வது, நீதிமன்றத்துக்கு உடன் செல்வது, இழப்பீட்டுக்கும் மருத்துவத்துக்கும் வழிகாட்டுவது அவர் வேலை. சாட்சியத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது அவர் வேலையல்ல. சொல்லிக்கொடுத்த சாட்சி என்ற பழைய குற்றச்சாட்டு அங்கேதான் முளைக்கும். யார் எங்கே உட்காருவார்கள், புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம், நினைவில்லை என்பதும் ஒரு பதில்தான் என்று நடைமுறையை விளக்குவது மட்டுமே தயாரிப்பு. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஆதரவு நபரின் தேவையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்றது.

அண்டை நாடுகளில்

ஸ்டீபனின் சட்டத்தைத் தழுவிய நாடுகளும் இதே பாதையில் சென்றன. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895இல் இந்தியச் சட்டத்தை ஒட்டி வந்தது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், குழந்தையிடம் முன்கூட்டியே எடுத்த காணொளிப் பதிவைச் சாட்சியமாக ஏற்க அங்கே வழி செய்தது. மலேசியா 2007இல் குழந்தை சாட்சிகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றித் திரை, நேரலை இணைப்பு, காணொளிப் பதிவு, உடனிருக்கும் பெரியவர் ஆகிய வசதிகளை அதில் சேர்த்தது.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 அன்று பாரதிய சாக்ஷிய அதினியம் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. 118ஆம் பிரிவு அதில் 124ஆம் பிரிவாகத் தொடர்கிறது; அளவுகோல் மாறவில்லை. 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேச அரசு எதிர் பல்வீர் சிங் வழக்கில், தாயின் கொலையைக் கண்டு 7 வயதில் சாட்சி சொன்ன சிறுமியின் சொல்லை நம்பி, உயர்நீதிமன்றம் விடுவித்த தந்தையின் தண்டனையை உச்ச நீதிமன்றம் மீட்டது. குற்றம் நடந்தது 2003இல். சிறுமியின் சொல் இறுதியாக ஏற்கப்பட 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அந்த வழக்கு இன்னொரு இடைவெளியையும் காட்டுகிறது. போக்சோ தரும் பாதுகாப்பு பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைக்கு உரியது. வீட்டில் கொலையைக் கண்ட குழந்தைக்கு அந்த 33ஆம் பிரிவு துணைக்கு வராது. பதிவு மையங்களும், 2018இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் ஏற்கப்பட்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும், நீதிபதியின் பொதுவான அதிகாரமுமே துணை. மையம் அமையாத ஊரில் அந்தக் குழந்தை இன்னும் பழைய கூண்டில்தான் ஏறுகிறது.